மூன்று மாதம் பழைய ரிப்போர்ட்

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்ததும் அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "டொக்டர், நீங்கள் எந்த ஊர்?"

கொழும்பில் பாலியல் நோய்ச் சிகிச்சை பார்க்கும் தமிழ் மருத்துவர் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. அவருடைய பெரியம்மாவையோ மச்சானையோ எனக்குத் தெரிந்திருக்குமா என்று அவர் கணக்குப் பார்க்கிறார். ஊரைச் சொன்னேன். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் க்ளீன், டொக்டர். ரிப்போர்ட் இருக்கு."

திரையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் ரிப்போர்ட். எச்.ஐ.வி. இல்லை என்று இருந்தது. திகதி மூன்று மாதத்துக்கு முந்தையது. ஃபோனை நீட்டிய அவருடைய உள்ளங்கையில் செம்பு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். மற்றக் கையைக் காட்டச் சொன்னேன், அதிலும் இருந்தது. பாதத்திலும் இருந்தது. வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் அலர்ஜி என்று சொல்லிக் கொடுத்த கிறீமை இரண்டு கிழமையாகப் பூசிக்கொண்டிருந்தாராம். உள்ளங்கையிலும் பாதத்திலும் இப்படி வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது சிஃபிலிஸ் என்ற பாலியல் நோயை. இரத்தம் எடுத்தோம். சிஃபிலிஸ் இருந்தது. எச்.ஐ.வி.யும் இருந்தது.

அவருக்கு இருபத்து நாலு வயது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். பகலில் ஒரு அலுவலகத்தில் வேலை. இரவில் ஆண்களோடு ஆண்கள் இருக்கும் வயதுவந்தோர் காணொளிகளில் நடிக்கிறார். சந்தா கட்டிப் பார்க்கும் இணையத்தளம் ஒன்றில் அவற்றைப் போட்டு வருமானம் பார்க்கிறார். இது இப்போது கொழும்பில் அபூர்வமான கதை இல்லை. இப்படி வருகிறவர்களிடம் ஏன் இந்தத் தொழில் செய்கிறாய் என்று நான் கேட்பதில்லை. அது என் வேலையும் இல்லை. ஆனால் "க்ளீன்" என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இந்த வருடம் அதே சொல்லோடும், ஃபோனில் அதே மாதிரி ரிப்போர்ட்டோடும் வந்து, அழுதுகொண்டு போனவர்களில் இவர் முதலாமவர் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கூட நடிக்கிறவர்களிடமும் ரிப்போர்ட் கேட்டுத்தான் படம் எடுத்ததாகச் சொன்னார். அவர்களும் காட்டினார்களாம். "வெளிநாட்டிலையும் அப்பிடித்தானே டொக்டர் செய்யினம்? டெஸ்ட் எடுத்தால் கொண்டம் தேவையில்லைத்தானே?"

இல்லை தம்பி. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

வங்கிப் பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு முன்னர் கொண்டுபோய்ப் பதிந்தீர்கள். கடைசி வரியில் ஒரு தொகை இருக்கிறது. இன்றைக்குக் கணக்கில் அந்தத் தொகைதான் இருக்கும் என்று யாராவது சொல்வார்களா? ரிப்போர்ட்டும் அப்படித்தான். அதைவிட ஒரு படி மோசம். பதிந்த நாளின் உண்மையையாவது பாஸ்புக் சரியாகச் சொல்லும். எச்.ஐ.வி. பரிசோதனை இரத்தம் கொடுத்த அன்றைய நிலையைக்கூட முழுதாகச் சொல்வதில்லை. கிருமி உடம்புக்குள் போய், பரிசோதனையில் பிடிபடும் அளவுக்கு வர நாள் எடுக்கும். இப்போது ஆய்வுகூடங்களில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள் வரை போகலாம். விரலில் குத்திப் பார்க்கும் சில உடனடிப் பரிசோதனைகளுக்கு 90 நாள் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் "இல்லை" என்று ரிப்போர்ட் வரும். அதே நாட்களில்தான் இரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும், மற்றவருக்கு மிகச் சுலபமாகத் தொற்றும். கையில் நல்ல ரிப்போர்ட், உடம்பில் உச்சத்தில் கிருமி. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருக்கலாம்.

வெளிநாட்டைச் சொன்னார் அல்லவா, அங்கே நடந்ததையே சொல்கிறேன். லொஸ் ஏஞ்சலஸ் வயதுவந்தோர் படத்தொழிலில், முன்னாள் நடிகை ஷரன் மிட்செல் 1998இல் தொடங்கிய மருத்துவ நிலையம் ஒன்று மாதத்துக்கு ஒருமுறை நடிகர்களைப் பரிசோதித்தது. இங்கே நாங்கள் செய்வதைவிடக் கூர்மையான பரிசோதனை, கிருமியின் மரபணுப் பொருளையே தேடுவது. 2004 மார்ச்சில் ஒரு நடிகருக்கு "இல்லை" என்று வந்தது. ஏப்ரலில் "உண்டு" என்று வந்தது. அவரோடு நடித்தவர்களில் தொற்று வாய்ப்புக்கு உள்ளான 13 பெண்களில் மூவருக்குப் பரவியிருந்தது. ஒழுங்காகப் பரிசோதனை நடந்த இடத்திலேயே இது நடந்தது. அங்கே பரிசோதனை இடைவெளியைப் பின்னர் 14 நாளாகக் குறைத்தார்கள். நீங்கள் மூன்று மாதத்துப் பீ.டி.எஃப். ஒன்றை வைத்துக்கொண்டு, அதுவும் வேறொருவர் வட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி, உயிரைப் பணயம் வைக்கிறீர்கள். அது அவருடைய ரிப்போர்ட்தானா என்றே உங்களுக்குத் தெரியாது.

தன்பாலீர்ப்புப் படத்தொழிலின் கதை வேறு, அது இதைவிட வேதனையானது. எழுபதுகளில் அமெரிக்காவில் பெயர் வாங்கிய முதல் தலைமுறை நடிகர்களில் எத்தனையோ பேர் அடுத்த இருபது வருடத்துக்குள் எய்ட்ஸில் போய்விட்டார்கள். கேசி டோனவன் 1987இல். அல் பார்க்கர் 1992இல், நாற்பது வயதில். பார்க்கர் சொந்தமாகப் பட நிறுவனம் வைத்திருந்தார். நண்பர்கள் ஒவ்வொருவராகச் சாவதைக் கண்டபின், தன் படங்களில் பாதுகாப்பான உறவைத்தான் காட்ட வேண்டும் என்று நின்றவர். தொண்ணூறுகளில் அந்தத் தொழிலின் பெரிய நிறுவனங்கள் ஆணுறையைக் கட்டாயமாக்கியதற்குப் பின்னால் இத்தனை மரணங்கள் இருக்கின்றன. அவர்கள் பரிசோதனை ரிப்போர்ட்டை நம்பவில்லை, ஆணுறையை நம்பினார்கள்.

இன்றைய படங்களில் ஆணுறை இல்லையே என்று கேட்பீர்கள். சரி. 2012 ஜூலையில் அமெரிக்கா ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. தொற்று வருமுன் எடுப்பது, நாங்கள் ப்ரெப் என்று சொல்வோம். ஒழுங்காக எடுத்தால் எச்.ஐ.வி.யை மிக நன்றாகத் தடுக்கும். அதன் பிறகுதான் பெரிய நிறுவனங்களின் படங்களிலிருந்தும் ஆணுறை மெல்ல மெல்லக் காணாமல் போனது. காலையில் விழுங்கும் மாத்திரையைக் கமெரா காட்டாது. கொட்டாஞ்சேனையில் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு பார்க்கும் பெடியனுக்கு ஆணுறை இல்லாதது மட்டும்தான் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றும் சொல்லித் தரவில்லை. உயிரியல் புத்தகத்தின் அந்தப் பாடத்தை வீட்டில் வாசியுங்கள் என்று சொல்லிக் கடந்துபோன ஆசிரியர்களிடம் படித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆகவே படம்தான் வாத்தியார் ஆகிவிடுகிறது.

திரையில் தெரியாதவை இன்னும் இருக்கின்றன. இடைவிடாமல் நடப்பதுபோல் காட்டும் இருபது நிமிடம் பல மணி நேர வேலை, வெட்டி ஒட்டியது. அந்த உடல் தளராமல் நிற்க மாத்திரை போடுகிறார்கள், ஊசி போடுகிறார்கள். எங்கள் தம்பியும் வயாகரா என்று யாரோ கொடுத்த நீல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போதைக்காகப் பொப்பர்ஸ் என்ற இரசாயனத்தையும் முகர்ந்திருக்கிறார். இந்த இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்கு விழும், உயிரும் போகலாம். இதயநோய்க்கு நைத்திரேற்று மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். ஊசி போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காவிட்டால் வெட்கத்தை விட்டுவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். காலையில் பார்ப்போம் என்று படுத்தவர்களுக்கு நிரந்தரப் பாதிப்பு வந்ததைக் கண்டிருக்கிறேன்.

தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோயி ஸ்டெஃபானோ என்று ஒரு நடிகர், எண்பதுகளின் கடைசியில் வந்தவர், அந்தத் துறையில் அன்றைக்கு அவரைவிடப் பேசப்பட்ட முகம் குறைவு. 1994 நவம்பரில் அளவுக்கு மீறிய போதைமருந்தால் இறந்தபோது வயது 26. அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. பொதுவாக இந்த வேலைக்கு ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று ஒருமுறை காசு, அதோடு சரி. படம் பிறகு எத்தனை வருடம் ஓடினாலும் நடித்தவருக்கு ஒரு சதம் வராது. சந்தாத் தளங்கள் வந்தபின் நாங்களே முதலாளி என்கிறார்கள். ஓன்லிஃபான்ஸ் நூற்றுக்கு 20 எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது, உண்மை. ஆனால் முதலாளி என்றால் தொழிலாளியின் பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு, அந்தத் தொழிலாளியும் நீங்கள்தான். எங்கள் தம்பிக்குச் செலவுக் கணக்கில் விளக்கு இருந்தது, கமெரா முக்காலி இருந்தது. ப்ரெப் இல்லை, தடுப்பூசி இல்லை.

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்திருந்தார். அவருடைய காணொளியில் ஜன்னலுக்கு வெளியே கடலும் ரயில் பாதையும் தெரிந்தன. ஒருவன் அதை வைத்து ஒழுங்கையையே கண்டுபிடித்து, காசு கேட்டு மிரட்டியிருக்கிறான். ஆறு மாதம் கொடுத்திருக்கிறார். தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் நிற்காது. செய்திகளை அழிக்காமல் வையுங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப்என்சிஐஐ (StopNCII) என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் ஃபோனைவிட்டு வெளியே போகாது, அதன் எண் வடிவக் கைரேகை மட்டும்தான் போகும். சேர்ந்திருக்கும் தளங்களில் யாராவது அதை ஏற்றினால் தடுப்பார்கள். பொலிஸுக்குப் போகுமுன் நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது தெரிந்ததுதான். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஆனாலும் மசோதா சட்டமாகவில்லை. ஆபாச வெளியீடுகளுக்கு எதிரான 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது.

இந்தப் பயம்தான் இவர்களை எங்களிடம் வரவிடாமல் செய்கிறது. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் தடுப்பு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசு இல்லை, கடிதம் இல்லை. நீங்கள் யாரோடு படுக்கிறீர்கள் என்று நாங்கள் பொலிஸுக்குச் சொல்வதில்லை, அம்மாவுக்கும் சொல்வதில்லை. தமிழ் டொக்டர் என்றால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, அரைகுறைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நோயை விளக்கப் பார்த்து, பாதியை மறைத்துவிட்டுப் போகும் எங்கள் பெடியன்களைப் பார்க்க நெஞ்சு வலிக்கிறது. உங்கள் மொழியில் சொல்லுங்கள். சரியாகச் சொன்னால்தான் சரியான இடத்தில் பரிசோதிக்க முடியும்.

ஆம், சரியான இடம். சிறுநீரை மட்டும் கொடுத்துவிட்டுக் கொனோரியா இல்லை என்று போகாதீர்கள். தொண்டையிலும் குதத்திலும் அது ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கும், அங்கே பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். என்ன செய்தீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள், நாங்கள் கேட்காத கதை இல்லை. சிஃபிலிஸ் இரத்தப் பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள். எச்.ஐ.வி. ரிப்போர்ட்டில் அது வராது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இங்கே குழந்தைகளுக்கு வந்தது 2003இல், அதற்கு முன் பிறந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஆணுறை உடைந்ததா, பாவிக்கவில்லையா, மூன்று நாள் பொறுக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் தொற்றுக்குப் பிந்திய தடுப்பு மருந்து உதவும், 28 நாள் எடுக்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. ப்ரெப் பற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டு ஆணுறையையும் எடுத்துப் போங்கள், ப்ரெப் சிஃபிலிஸைத் தடுக்காது. பார்மசியில் அன்டிபயோட்டிக் வாங்கி நீங்களாகப் போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தத் தம்பி முதல் நாள் கேட்டது, "எனக்கு இன்னும் எத்தனை வருசம் டொக்டர்?" என்று. மற்றவர்களைப்போல முழு ஆயுளும் என்று சொன்னேன், நம்பவில்லை. எண்பதுகளின் கதையை நான் சொன்னது அவரைப் பயமுறுத்த அல்ல. அல் பார்க்கருக்குக் கிடைக்காத மருந்து இவருக்குக் கிடைக்கிறது, நாளுக்கு ஒரு மாத்திரை, இலவசமாக. இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் தம்பதிகளைப் பின்தொடர்ந்த ஐரோப்பிய ஆய்வு 2019இல் வெளியானது. மருந்தால் கிருமி அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றுக்கூட வரவில்லை. இதை அவருக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக நம்புகிறார்.

சிஃபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி போட்டாயிற்று. பிறகு, கடைசி மாதங்களில் அவரோடு இருந்தவர்களுக்கு அறிவிக்க வேண்டும். இதுதான் எங்கள் வேலையில் மிகக் கஷ்டமான பகுதி. ஃபோனில் மூன்று எண்கள் இருந்தன, மூன்றும் புனைபெயர்கள். என் அறையில் இருந்தபடியே செய்தி எழுதினார், நான் பக்கத்தில் இருந்தேன். யாரையும் குற்றம் சொல்லாத மூன்று வரி: எனக்குத் தொற்று இருக்கிறது, நீங்களும் பாருங்கள், இந்த இடத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். ஒருவர் அடுத்த நாளே வந்தார். இன்னொருவர் ஏசிவிட்டு, ஒரு கிழமை கழித்து வந்தார்.

மூன்றாவது எண்ணுக்குப் போன செய்தியை ஒவ்வொரு கிளினிக் நாளிலும் அவர் எனக்குத் திறந்து காட்டுகிறார். நேற்றும் காட்டினார். "இன்னும் ஒரு டிக்தான், டொக்டர்."