குடையை அருகில் கொண்டு வாருங்கள்

சென்ற வாரம் ஓர் இளம் புகைப்படக் கலைஞர் தாம் எடுத்த திருமணப் படங்களைக் கொண்டுவந்து, இவற்றை ஃபோட்டோஷாப்பில் எப்படிச் சரிசெய்வது என்று கேட்டார். மணப்பெண்ணின் மூக்கு நிழல் கோடு கிழித்ததுபோல் கன்னத்தில் விழுந்திருந்தது. நெற்றியும் மூக்கு நுனியும் வெள்ளை வெள்ளையாகப் பளபளத்தன. பின்சுவரின் சுவிட்சுப் பெட்டிகூட முகத்துக்கு இணையாகத் தெளிவாகத் தெரிந்தது. ஃபிளாஷும் அதன் ஒளியைப் பரப்ப ஸ்டாண்டில் மாட்டும் குடையும் எங்கே இருந்தன என்று கேட்டேன். “முகத்தில் அடிக்கக் கூடாதென்று 12 அடி தள்ளித்தான் வைத்தேன் சார்” என்றார். இந்த ஆண்டில் இதே பதிலை என்னிடம் சொன்ன ஐந்தாவது ஆள் அவர்.

ஃபிளாஷைத் தள்ளி வைத்தால் ஒளி மென்மையாகும் என்பது தவறு. தள்ளி வைக்கும்போது ஒளியின் அளவுதான் குறைகிறது. அதன் தன்மை முன்னைவிடக் கடினமாகிறது. படம் எடுக்கப்படுபவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அதைப் பொறுத்தே நிழலின் மென்மை அமைகிறது. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். ஆயினும் அது 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் சிறு வட்டமாகத் தெரிவதால், உச்சிவெயிலில் நம் நிழல் வெட்டியெடுத்ததுபோல் விழுகிறது. மேகம் மூடியதும் வானம் முழுவதும் ஒரே விளக்காகி, அந்த நிழல் கரைந்துவிடுகிறது. 43 அங்குலக் குடையும் அப்படித்தான்: 3 அடியில் அது முகத்துக்கு ஒரு சன்னல், 12 அடியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு.

பளபளப்புக்கும் காரணம் இதுவே. வியர்வையும் எண்ணெயும் படிந்த தோலில் குடையின் பிம்பம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிகிறது. குடை தள்ளிப் போனாலும் அந்தப் பிம்பத்தின் பிரகாசம் குறையாமல் அளவு மட்டும் சுருங்குகிறது. சுற்றியுள்ள தோலோ இருண்டுவிடுகிறது. அந்த இருட்டை ஈடுகட்டப் பவரை ஏற்றினால், பிம்பம் வெள்ளைப் பொட்டாக வெடித்து நிற்கும். கருநிறத் தோலில் இது இன்னும் எடுத்துத் தெரியும். “பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும், ஃபிளாஷை ஏத்துங்க” என்று மண்டபத்தில் யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் பெண்ணின் நிறம் நாம் திருத்த வேண்டிய பிழையன்று.

12 அடியில் முழுப் பவரில் கிடைத்த வெளிச்சம் 3 அடியில் 1/16 பவரிலேயே கிடைத்துவிடும். ஃபிளாஷ் சூடாகாது, அடுத்த படத்துக்கு உடனே தயாராகும். படம் எடுக்கப்படுபவருக்கு 6 அடி பின்னால் சுவர் இருந்தால், முகத்தில் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் அதன்மேல் விழும். சுவிட்சுப் பெட்டி இருட்டில் மறைந்துவிடும். நிழலை நிரப்ப முகத்தின் மறுபுறம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் போதும், இரண்டாவது ஃபிளாஷ் வேண்டியதில்லை. பத்துப் பேர் வரிசையாக நிற்கும் குழுப் படத்துக்கு மட்டும் குடை தள்ளித்தான் இருக்க வேண்டும். இல்லையேல் ஓரத்தில் நிற்பவர் இருட்டில் போய்விடுவார்.

அருகில் கொண்டுவரும் குடை விழுந்தால் ஆள் மீதுதான் விழும். மொட்டை மாடியிலும் கடற்கரையிலும் விரித்த குடை பாய்மரம்போல் காற்றை வாங்கும் என்பதால், ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை இல்லாமல் படம் எடுக்காதீர்கள். குழந்தைகளைப் படமெடுக்கும்போது ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ளவே ஓர் ஆள் நிற்கட்டும். பழுதான ஃபிளாஷை நீங்களே பிரிக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும்.

இன்றிரவே வீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். 12 அடியில் முழுப் பவர், 6 அடியில் 1/4, 3 அடியில் 1/16 என மூன்றே படங்கள் எடுத்து, மூக்கு நிழலின் விளிம்பைப் பெரிதாக்கி ஒப்பிடுங்கள்.