கோவொர்க்கிங் – கூட்டுப்பணி: சொல் விளக்கம்

பல நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் தனித்தொழில் செய்பவர்களும் ஒரே கூரையின் கீழ், ஒரே இணைய இணைப்பையும் கூட்ட அறையையும் பயன்படுத்திக்கொண்டு, அவரவர் வேலையை அருகருகே அமர்ந்து செய்யும் முறைக்குக் கோவொர்க்கிங் என்று பெயர். அதற்கான இடம் கோவொர்க்கிங் ஸ்பேஸ். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் குடியிருந்துகொண்டு கோயம்புத்தூர் நிறுவனங்களுக்கு வேலை செய்யும் தமிழ் இளைஞர்களிடையே இந்தச் சொல் இப்போது சாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் ‘நாள் வாடகைக்கு மேசை’ என்ற அளவிலேயே பெரும்பாலோர் அதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அதன் பொருள் இதைவிட விரிந்தது என்பது தெரியும். இப்படியோர் இடம் சிற்றூரில் எவ்வாறு நிலைபெற்று வளர முடியும் என்ற கேள்விக்கும் அந்த விரிந்த பொருளிலேயே விடை இருக்கிறது.

சொல்லின் முன்னொட்டாகிய ‘கோ’ இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘உடன்’, ‘சேர்ந்து’ என்பது அதன் பொருள். உடன் வேலை செய்பவர் என்ற பொருளில் கோவொர்க்கர் என்னும் சொல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. கோவொர்க்கிங் என்பதைத் தனிக் கருத்தாக எடுத்துப் பெயரிட்டவர் விளையாட்டு வடிவமைப்பாளர் பெர்னார்டு டிகோவன். 1999இல் அவர் இதைப் பயன்படுத்தியபோது இடம் எதையும் குறிக்கவில்லை. மேல், கீழ் என்ற அடுக்கு இல்லாமல் சமமானவர்களாகச் சேர்ந்து வேலை செய்வதையும், அதற்குக் கணினி துணைநிற்கும் விதத்தையுமே குறித்தார்.

இடத்துக்கு இந்தப் பெயர் வந்தது 2005 ஆகஸ்ட் 9 அன்று. சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் என்ற நிரலாளர், தன் விருப்பப்படி வேலை செய்யும் சுதந்திரமும் வேண்டும், கூட இருக்க மனிதர்களும் வேண்டும் என்ற எண்ணத்தில் முதல் கோவொர்க்கிங் இடத்தைத் தொடங்கினார். அதற்காக அவர் கட்டடம் எதையும் குத்தகைக்கு எடுக்கவில்லை. ஸ்பைரல் மியூஸ் என்னும் பெண்ணியக் கூட்டமைப்பு நடத்திவந்த வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் இடம் பெற்றுக்கொண்டார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. பிறகே ஒருவர் வந்தார். மெல்ல மெல்ல மற்றவர்கள் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு கிறிஸ் மெசினா, தாரா ஹன்ட் ஆகியோரும் இணைய, ஹாட் ஃபேக்டரி என்ற முழுநேர இடம் உருவானது. முதல் கோவொர்க்கிங் இடமே மற்றோர் அமைப்பின் வீட்டில், அந்த அமைப்பின் இசைவோடு பிறந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அக்கம்பக்கத்து அமைப்புகளின் துணை இத்தகைய இடத்துக்குப் பின்னால் சேர்க்கப்பட்ட அலங்காரமன்று. தொடக்கத்திலேயே அது உண்டு.

சொல்லின் பொருள் சுருங்கியது அதற்குப் பிறகுதான். 2010இல் நியூயார்க்கில் தொடங்கிய வீவொர்க் நிறுவனம் கட்டடங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, குறுகியகால உறுப்பினர்களுக்குக் கட்டணத்துக்கு விட்டது. உறுப்பினர்கள் வெளியேறினால் கட்டண வருவாய் குறையும். குத்தகைப் பணம் குறையாது. 2023 நவம்பரில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. மேசைகளை மட்டுமே நம்பும் முறைக்குப் பெருநகரத்திலேயே இந்த நெருக்கடி என்றால், கொழிஞ்சாம்பாறை போன்ற ஊரில் அது ஓராண்டுகூடத் தாங்காது என்பது என் கருத்து.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பகிர்பணியிடம், இணைப்பணியகம், உடன்பணியகம், கூட்டுப்பணியிடம் ஆகியவை இதற்குப் பொருந்தக்கூடிய ஆக்கங்கள். பகிர்பணியிடம் என்பது பிழையன்று. ஆயினும் அது மேசை, மின்சாரம், அறை ஆகிய உடைமைகள் பகிரப்படுவதை முன்னிறுத்துகிறது. மனிதர்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். இணை என்பது இருவரையோ இரண்டு பொருள்களையோ நினைவூட்டும். உடன்பணி அழகிய சொல். எனினும் உடன் பணிபுரிபவர் என்றாலே ஒரே முதலாளியின் கீழ் இருப்பவர் என்ற பொருள் நம் வழக்கில் படிந்துவிட்டது.

கூடு என்னும் வினையிலிருந்து பிறந்த கூட்டு என்ற சொல்லே இங்கு மிகவும் பொருந்துகிறது. கூட்டுப்பணி என்றால் எல்லாரும் ஒரே வேலையைச் செய்வதாகப் பொருள்படாதா என்று சிலர் தடை எழுப்பக்கூடும். அந்தத் தடைக்குக் கூட்டுப்பட்டா என்ற சொல்லே விடை தருகிறது. ஒரே பட்டாவில் பலர் பெயர் இருக்கும்; அவரவர் பாகத்தில் அவரவர் உழுது பயிர் செய்வர்; வரப்பும் வாய்க்காலும் பொதுவாக இருக்கும். கூட்டுப்பணியிடத்தின் அமைப்பும் ஏறத்தாழ இதுதான்.

கூட்டு என்ற வேரைத் தேர்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. கொலாபரேஷன் என்பதன் இலத்தீன் மூலமும் ‘சேர்ந்து உழைத்தல்’ என்றே பொருள்படும். ஆகவே கோவொர்க்கிங்கும் அதுவும் அடிப்பொருளால் ஒன்று. தமிழில் அதைக் கூட்டுமுயற்சி என்கிறோம். பார்ட்னர்ஷிப் கூட்டாண்மை, கோஆப்பரேட்டிவ் கூட்டுறவு. எல்லாம் ஒரே வேரில் நிற்பதால், கேட்பவருக்கு இவற்றின் உறவு தானாகவே விளங்குகிறது.

எல்லைப்புறத்தில் இரண்டு சொற்களில் மட்டும் கவனம் தேவை. முதலாவது கம்யூனிட்டி. இலத்தீனில் இதன் வேர் கடமையையும் கொடையையும் குறிக்கும். பொதுக் கடமைகளைச் சேர்ந்து சுமப்பவர்கள் என்பது அடிப்பொருள். ஆனால் நம் ஊர்களில் கம்யூனிட்டி என்றவுடன் மனத்துக்கு வருவது சாதிச் சான்றிதழ். யாரும் வந்து அமரலாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சொல் கதவைச் சாத்திவிடும். மலையாளத்தில் இதற்குக் கூட்டாய்ம என்ற நல்ல சொல் அன்றாட வழக்கில் உள்ளது. தமிழில் கூட்டமைப்பு என்றோ கூட்டத்தார் என்றோ எழுதினால் ஏறத்தாழ அதே உணர்வு கிடைக்கும். மலையாளம் பேசும் அண்டை வீட்டாருக்கும் அது அந்நியமாக இராது. இரண்டாவது பார்ட்னர். பங்கு என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்ததால் பங்காளி என்பதே அதற்கு நேர்ச்சொல். மலையாளத்தில் பங்காளி என்றால் கூட்டாளிதான். தமிழிலோ அது தந்தைவழி உறவினரைக் குறிக்கும். சொத்துத் தகராறும் கூடவே நினைவுக்கு வரும். ஆகவே இரு மொழியினரும் அமரும் கூட்டத்தில் கூட்டாளி என்று சொல்வதே பாதுகாப்பானது.

கூட்டாண்மை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சொல்லின் பொருள் அங்கேதான் முழுமை பெறுகிறது. கேரளத்து ஊர்களில் பெரும்பாலும் ஒரு வாசகசாலை இருக்கும்; பல இடங்களில் மாலையில்தான் அங்கு ஆள் நடமாட்டம். பகலில் அதன் ஓர் அறையைக் கூட்டுப்பணிக்குத் தந்தால், நூலகத்துக்கு மின்கட்டணமும் நாளிதழ்ச் செலவும் கிடைக்கும். பணியிடத்துக்குக் குத்தகைச் சுமை இராது. 1998இல் தொடங்கப்பட்ட, கேரள அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான குடும்பஸ்ரீயின் பெண்கள் குழு மதிய உணவு கொண்டுவந்தால், அவர்களுக்கு நிலையான வாடிக்கை. உறுப்பினர்கள் ஒரே பந்தியில் உண்ணும்போது அறிமுகம் தானே வளரும். கேபிள் இணையம் தரும் உள்ளூர்க்காரருக்கு ஒரு மேசையை ஒதுக்கிவிட்டால், இணைப்பு அறுந்த அன்று அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் வந்து பழகலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைக் கணினிக்கு மாற்றும் வேலை அங்குள்ள ஓர் உறுப்பினருக்குப் போகலாம்.

எல்லையில் இருப்பதாலேயே எழும் தேவைகளும் உண்டு. சரக்கு, சேவை வரிப் பதிவு எண் கேரளத்தில் 32 என்றும் தமிழ்நாட்டில் 33 என்றும் தொடங்கும். கொழிஞ்சாம்பாறையில் பதிவு பெற்ற வடிவமைப்பாளர் ஒருவர், எல்லைக்கு அப்பாலுள்ள பொள்ளாச்சியில் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) எழுதினால், மத்திய வரி, மாநில வரி என்று பிரித்துப் போடக்கூடாது. ஒருங்கிணைந்த வரியாகவே (ஐஜிஎஸ்டி) போட வேண்டும். முதல் பட்டியலில் பலர் தடுமாறுவது இங்கேதான். அடுத்த மேசையில் ஒரு கணக்கர் அமர்ந்திருந்தால், அவர் திரையை எட்டிப் பார்த்து, ‘தம்பி, இது வெளிமாநிலம், ஐஜிஎஸ்டி போடுங்க’ என்று சொல்லிவிடுவார். அதே கணக்கருக்கு மலையாளத்தில் வந்த பஞ்சாயத்து அறிவிப்பைப் படித்துச் சொல்ல, எதிரே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் உதவுவார். மாதக் கட்டணம் செலுத்துபவர் உண்மையில் பெறுவது இந்த அண்மையைத்தான். நண்பர்களையும் அழைத்துவருவது இதற்காகத்தான்.

கூட்டாகத் தொடங்கியது பெரிதாக வளருமா என்று ஐயுறுவோருக்கு வடகரை அருகிலுள்ள ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் காட்டலாம். சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் தூண்டுதலால் 1925இல் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து அமைத்த அந்தச் சங்கம், இன்று கோழிக்கோட்டில் யூ.எல். சைபர் பார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகத்தை நடத்துகிறது.

எழுதும் முறை பற்றி ஒரு குறிப்பு. கூட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால் வருமொழியில் வல்லினம் மிகும். கூட்டுப்பணி, கூட்டுப்பணியிடம், கூட்டுப்பணியாளர் என்று ஒற்றிட்டு, சேர்த்தே எழுத வேண்டும். அந்த இடத்தை நடத்தும் அமைப்பைக் குறிக்கும்போது கூட்டுப்பணியகம் எனலாம். பெயர்ப்பலகையில் தமிழும் மலையாளமும் இடம்பெறும் ஊர்களில், கோவொர்க்கிங் என்ற சொல்லையும் சிறிய எழுத்தில் உடன் எழுதிவைப்பது புதிதாக வருபவருக்கு உதவும்.