வெட்டிவேர் வாசனையில் பாக்டீரியாவின் பங்கு

ஒரு நுண்ணுயிர்கூட அண்டாத கண்ணாடிக் குடுவையில் வெட்டிவேரை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். புல் வளர்கிறது, வேரும் விடுகிறது. மணம் தரும் எண்ணெய் மட்டும் பெயரளவுக்கே கிடைக்கிறது. கிடைக்கும் அந்தச் சொற்பத்தின் கலவையும், வயலில் தோண்டிய வேரின் எண்ணெயோடு ஒத்துப்போவதில்லை. பானைத் தண்ணீரில் போட்டதும் கமகமக்கும் வேருக்கு, மண்ணிலிருந்து வேறு ஏதோ வந்து சேர்கிறது.

இத்தாலிய ஆய்வாளர்கள் வேரை மெல்லியதாகச் சீவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எண்ணெய் உருவாகும் செல்களுக்குள்ளேயே பாக்டீரியாக்கள் இருந்தன. செல்கள் சிதைந்து உண்டான குழிகளில், எண்ணெயை ஒட்டியும் இருந்தன. 2008இல் வெளியான ஆய்வு இது.

அவை அங்கே இருப்பதே ஆச்சரியம்தான். வெட்டிவேர் எண்ணெய் பல கிருமிகளுக்கு ஆகாது. மூலிகைகள் பலவற்றிலும் நமக்கு மருந்தாகும் பொருள், செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைத்ததுதான். அதன் நடுவே வாழ வேண்டுமென்றால் அதைத் தாங்கத் தெரிய வேண்டும், அல்லது தின்னத் தெரிய வேண்டும்.

முதல் வேலை செடியுடையது. 15 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபார்னெசைல் டைபாஸ்பேட் மூலக்கூறை ஒரு நொதி மடக்கி வளையமாக்கும். வருவது செஸ்குவிடெர்பீன்; கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன். அதில் ஆக்சிஜன் ஏறினால் ஆல்கஹாலும் கீட்டோனும் உண்டாகும். வெட்டிவேர் எண்ணெயில் உள்ள குசிமால் ஒரு ஆல்கஹால், வெட்டிவோன்கள் கீட்டோன்கள். அந்தக் கனத்த மணத்துக்கு இப்படி ஆக்சிஜன் ஏறிய சேர்மங்கள் முக்கியம்.

சரி, பாக்டீரியா என்ன செய்கிறது? அதே ஆய்வில், வேரிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களுக்கு எண்ணெயின் செஸ்குவிடெர்பீன்களையே உணவாகக் கொடுத்தார்கள். பெரும்பாலானவை அதைத் தின்று வளர்ந்தன. தின்றபின் அவை வெளியே விட்டவற்றில், கடையில் விற்கும் வெட்டிவேர் எண்ணெயில் வழக்கமாக இருக்கும் சேர்மங்கள் ஏராளமாக இருந்தன. அப்புறம் இன்னொன்று: சில பாக்டீரியாக்கள், செஸ்குவிடெர்பீனை ஆக்கும் செடியின் மரபணுவையே முடுக்கிவிட்டன. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. விருந்தாளி, வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுவதோடு நிற்காமல், அடுப்பையும் ஏற்றிவிடுகிறார்.

ஆய்வகத்தில் நடந்தது வேருக்குள்ளும் அதே அளவில் நடக்கிறது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. குசிமாலுக்கு முன்னோடியான சிசாயீனை ஆக்கும் நொதி வெட்டிவேரின் சொந்த மரபணுவிலேயே இருக்கிறது. மணம் முழுவதும் பாக்டீரியா தந்தது என்பது மிகை.

ஆனாலும் இதையும் யோசிக்க வேண்டும். தெற்காசியாவுக்கு வெளியே வெட்டிவேர் தூர் பிரித்து நட்டுப் பரவியது. டிஎன்ஏ ஆய்வுகளில் அவற்றில் பெரும்பாலானவை கிட்டத்தட்ட ஒரே குளோன், அதாவது ஒரே செடியின் நகல்கள், என்று தெரிந்தது. ஆனால் ஹெய்ட்டி எண்ணெயும் ஜாவா எண்ணெயும் மூக்குக்கு வேறு வேறு. வேரின் வயதும் காய்ச்சி வடிக்கும் முறையும் இதற்குக் காரணம். ஜாவா எண்ணெயின் புகைவாடை வடிப்பிலிருந்தே வருகிறது என்பார்கள். மண்ணும் காரணம். மண் என்றால் தாது உப்பு மட்டுமல்ல, அதில் வாழ்பவையும் சேர்த்துத்தான்.

கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் வெட்டிவேர் போடுகிறார்கள். அந்த வேருக்குள் எந்தெந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, ரசாயன உரத்தாலும் பூச்சிமருந்தாலும் அவற்றுக்கு என்ன ஆகிறது என்பதை எண்ணெயின் தரத்தோடு சேர்த்தே நம் ஆய்வகங்கள் அளந்து பார்க்க வேண்டும். தரமான எண்ணெய்க்கு விலை கூடும் என்பதால், நல்ல பாக்டீரியாவை நாற்றோடு சேர்த்து நடும் உத்தி பலித்தால் அந்த லாபம் நேராக விவசாயிக்குத்தான் போய்ச் சேரும்.