கழுத்து டிஸ்க்: இணைப்பதா, மாற்றுவதா?

கனடாவிலிருந்து மகன் போன் எடுத்து, "அம்மா, பிளேட் வைக்க விடாதேங்கோ, செயற்கை டிஸ்க்தான் நல்லது" எண்டு சொல்லியிருப்பார். யாழ்ப்பாணத்தில் அம்மா அந்த எண்ணத்தோடுதான் கிளினிக்குக்கு வருவார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருப்பதுதான் டிஸ்க். அது பழுதானால் எடுத்துவிட்டு மேல், கீழ் எலும்புகளை இணைக்கலாம், அல்லது அசையும் செயற்கை டிஸ்க் வைக்கலாம். மகனின் அக்கறையில் பிழையில்லை. ஆனால் அம்மாவின் கழுத்துக்குப் பின்பக்கம் உள்ள சிறுமூட்டுகள் தேய்ந்திருந்தால், செயற்கை டிஸ்க் அந்த வலியையும் சேர்த்தே அசைக்கும்.

இரண்டு சத்திரசிகிச்சையும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். முன்கழுத்தின் தோல் மடிப்பில் 3, 4 சென்ரிமீற்றர் வெட்டி, உணவுக்குழாயை ஒதுக்கி, பழுதான டிஸ்க்கையும் கைக்குப் போகும் நரம்பை நெரிக்கும் எலும்பு முளையையும் எடுப்பார்கள். கைவலியைத் தீர்ப்பது இந்த வேலைதான். பிறகு அந்த இடைவெளிக்குள் எதை வைப்பது என்பதில்தான் வித்தியாசம்.

இணைப்பதென்றால், எலும்புத்துகள் நிரப்பிய சிறு கூடு. பெரும்பாலும் மேலே டைட்டேனியம் பிளேட். இரு எலும்பும் ஒன்றாகச் சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூடச் செல்லும். சுருட்டு, சிகரெட் பழக்கத்தைக் கைவிடாதவருக்கு ஒட்டாமலே போகலாம். அப்போது ஸ்குரூ தளரும். ஒரு மட்டத்தை, அதாவது ஒரு டிஸ்க் இருந்த இடத்தை, இணைத்தால் கழுத்தே திரும்பாது என்ற பயம் வேண்டாம். தலை திரும்புவதில் ஏறக்குறையப் பாதி மேலுள்ள முதல் இரண்டு எலும்புகளிலேயே நடக்கிறது. மெய்யான கவலை அயல் டிஸ்க்குகள்தான்: சுமை அவற்றில் ஏறும். ஆனாலும் அந்தத் தேய்வில் வயதுக்கும் பங்குண்டு.

செயற்கை டிஸ்க் அந்த அசைவைக் காக்கவே வந்தது. அமெரிக்காவில் முதல் அனுமதி 2007இல். எலும்பு உறுதியாக, சிறுமூட்டு நன்றாக, ஒன்று அல்லது இரண்டு மட்டம் மட்டும் பழுதான இளவயதினருக்கு நாங்கள் அதையே விரும்புவோம். எலும்பு மெலிவு உள்ளவருக்கு அது எலும்புக்குள் புதையக்கூடும். சிலருக்குச் சுற்றி எலும்பு வளர்ந்து, சில வருடங்களில் அதுவும் இறுகிவிடும்.

ஆகவே எம்.ஆர்.ஐ மட்டும் போதாது. நாடியை நெஞ்சில் முட்டக் குனிந்து ஒன்று, மேலே அண்ணாந்து ஒன்று என இரண்டு எக்ஸ்றே கேளுங்கள். பழுதான இடத்து எலும்புகள் இரண்டு படத்திலும் ஒரே நிலையில் நின்றால், காப்பாற்ற அங்கே அசைவே இல்லை.

எதைச் செய்தாலும் சில நாள் விழுங்கக் கஷ்டமாக இருக்கும், குரலும் கம்மும், கஞ்சியாகக் குடியுங்கள். சத்திரசிகிச்சை நடந்த அன்றிரவு கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.

வெறும் கைவலி பலருக்கு 6 முதல் 12 கிழமைக்குள் தணியும், பொறுக்கலாம். சட்டைத் தெறி பூட்ட விரல் தடுமாறினால், நடக்கையில் செருப்பு தெரியாமலே கழன்றால், முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் நெரிபடுகிறது. அதற்குத் தவணை வைக்காதீர்கள்.