பேய் ஏன் எப்போதும் பின்னால் நிற்கிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரவு ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வரும்போது அவருடைய அக்கா மகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒலி நாடகம் கேட்டிருக்கிறாள். ஆளில்லாத தீவு, பாழடைந்த கொட்டகை, தனியாக ஒரு காவலாளி. திடீரென்று, "தண்ணி இருக்கா?" என்று ஒரு கிசுகிசுப்பு. பெண் அலறித் திரும்பிப் பார்த்தால், பின்னால் காலி இருக்கை. ஹெட்போன் காதின் மேல்தானே இருக்கிறது, குரல் எப்படி முதுகுப்பக்கம் போனது என்று கேட்கிறார் சித்தி.

நாடகத்தில் தீவுக்குப் பெயர் இல்லையாம். பினாங்குக்காரர்களுக்குப் பக்கத்திலிருக்கும் ஜெரெஜாக் தீவுதான் நினைவுக்கு வரும். கப்பலில் வந்த நம் ஆட்களை நோய்க்குப் பயந்து தடுத்து வைத்த இடம், தொழுநோயாளிகள் வாழ்ந்த இடம், 1993 வரை சிறைச்சாலை. பேய்க்கதைக்கு வேறென்ன வேண்டும்?

சரி, ஒலிக்கு வருவோம். இடது வலது எளிது. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. வலப்பக்கச் சத்தம் வலது காதை முதலில் தொடும், இடது காதுக்கு அதிகபட்சம் 0.7 மில்லிவிநாடி தாமதமாக, கொஞ்சம் மங்கலாக வரும். மூளைக்கு அது போதும்.

நேர் முன்னாலும் நேர் பின்னாலும்தான் சிக்கல். இரண்டு காதுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. அப்புறம் எப்படித் தெரிகிறது?

காதுமடலைத் தொட்டுப் பாருங்கள். ஓரத்தில் மடிப்பு, உள்ளே ஒரு மேடு, நடுவில் கிண்ணம் போல ஒரு குழி. முன்னிருந்து வரும் ஒலியில் ஒரு பங்கு நேராகத் துளைக்குள் போகும். இன்னொரு பங்கு குழியின் சுவரில் மோதி, இரண்டு சென்டிமீட்டர் சுற்றிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். 4 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு அது சரியாகப் பாதி. ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து அந்த ஒலி மட்டும் அமுங்கிவிடும். கணக்குப் போட்டால் 8,500 ஹெர்ட்ஸ் பக்கம். ஒலி மேலேயிருந்து வந்தால் சுற்றுப்பாதை மாறும், அமுங்கும் இடமும் மாறும். பின்னாலிருந்து வந்தால் மடலே குறுக்கே நிற்கும், கூர்மையான ஒலிகள் மங்கும். நம் காதின் வளைவுகளை மூளை சிறுவயதிலிருந்தே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

வீட்டில் சோதித்தேன். கண்ணை மூடி, மடல்களைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தங்கை மகன் சாவிக்கொத்தைக் குலுக்கி, "மாமா, எங்க இருக்கேன்?" என்றான். "பின்னாடி" என்றேன். என் மூக்குக்கு நேரே நின்று சிரிக்கிறான்.

1998-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலருடைய காதுக்குழியில் அச்சு வார்த்துப் பொருத்தி வடிவத்தையே மாற்றினார்கள். ஒலி மேலிருந்தா கீழிருந்தா என்பது அவர்களுக்குக் குழம்பிப்போனது. சில வாரங்களில் மூளை புதுக் காதைப் படித்துக்கொண்டது. அச்சை எடுத்ததும் பழைய காது உடனே வேலை செய்தது! ஹொக்கியன் சீனம் கற்றதால் நமக்குத் தமிழ் மறக்கவில்லையே, அதுபோல. இங்கே இப்படியோர் ஆய்வுக்கு மானியம் கேட்டால், "இதனால் என்ன வருமானம்?" என்றுதான் முதல் கேள்வி வரும் என்பது என் சந்தேகம்.

இப்படிப்பட்ட நாடகங்களை மனிதத் தலை போன்ற பொம்மையை வைத்துப் பதிவு செய்வதுண்டு. ரப்பர் காது, உள்ளே ஒலிவாங்கி. நடிகர் அதன் தோளருகே வந்து கிசுகிசுப்பார். கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை, வெறும் காற்றின் உரசல்தான். அதில் உயர்ந்த ஒலிகள் தாராளமாக இருப்பதால் மடலின் முத்திரை நன்றாகப் பதியும். அதோடு ஒரு காதில் பலமாகவும் மறு காதில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் கேட்டால், மூளைக்குத் தெரிந்த ஒரே அர்த்தம்: வாய் காதோரம் இருக்கிறது.

ஆனால் பொம்மையின் காது உங்கள் காது அல்ல. அதனால் முன்னால் பேசியதுகூடப் பின்னால் பேசியதுபோல் கேட்கலாம். சாதாரணமாக இந்தக் குழப்பத்தைத் தலையைத் திருப்பித் தீர்த்துக்கொள்வோம். வலப்பக்கம் திரும்பினால், முன்னிருக்கும் ஒலி இடது காதுக்கு முந்தும். பின்னிருப்பது வலது காதுக்கு முந்தும். ஹெட்போன் தலையோடு சேர்ந்து திரும்புகிறது, எதுவும் முந்துவதில்லை. கண்ணும் தேடுகிறது, எதிரே யாருமில்லை. ஆள் இருக்கிறான், முன்னால் இல்லை. அப்படியானால் முதுகுக்குப் பின்னால்தான் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது.

பாட்டி உடனே மந்திரித்த கயிறு கட்டிவிட்டாராம். பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன், அது அன்பு. பயத்தை விற்றுக் காசு பார்ப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: அதே காட்சியை ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கைப்பேசியின் ஸ்பீக்கரில் போடு. இரண்டு காதும் ஒரே ஸ்பீக்கரைக் கேட்கும், தலையும் தாராளமாகத் திரும்பலாம். தண்ணீர் கேட்டவன் மேசைமேல், தே தாரிக் கிளாஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவான்.