முதுநிலை மருத்துவ மாணவர்களின் பணி நேரம்: விதிகள் சொல்வது என்ன?

தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் எனச் சுற்று மாவட்டங்களிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுவோர் வந்து சேரும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையைப் போன்ற கல்லூரி மருத்துவமனைகளில், இரவில் நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் எம்.டி. அல்லது எம்.எஸ். படிக்கும் முதுநிலை மாணவராகவே இருப்பார். அவர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து பணியாற்றலாம் என்பது குறித்து மூன்று ஆவணங்கள் பேசுகின்றன. மூன்றின் வலுவும் வேறு வேறு.

முதலாவது, மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் 5 அன்று வெளியிட்ட உறைவிட மருத்துவர் திட்ட ஆணை. இளநிலை உறைவிட மருத்துவர்கள் (மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே படிக்கும் முதுநிலை மாணவர்களும் இவர்களில் அடங்குவர்) சாதாரணமாக வாரம் 48 மணி நேரமும், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மிகாமலும் பணியாற்ற வேண்டும் என்றும், சுழற்சி முறையில் வார விடுப்பு உண்டு என்றும் அது கூறுகிறது. ஆனால் பணிச்சுமைக்கும் மருத்துவர் எண்ணிக்கைக்கும் ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தையும் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு அதுவே தருகிறது. நடைமுறையில் இந்த விலக்குதான் விதியாகிவிட்டது. யூனிட் எனப்படும் மருத்துவர் குழு புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாளில் காலை ஓ.பி.யில் தொடங்கும் வேலை, இரவு முழுவதும் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில் ஓடி, மறுநாள் காலை ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் குறிப்புகள் என்று நீள்கிறது. பொறுப்பை ஒப்படைக்க மாற்று மருத்துவர் இல்லாதவரை, பட்டியலில் டூட்டி முடிந்தாலும் வார்டில் முடிவதில்லை. அந்த நேரத்தில் மருந்தின் அளவைக் கணக்கிடுபவரும் அதே மருத்துவர்தான் என்பதால், இது நோயாளியின் பாதுகாப்பையும் சேர்ந்த விஷயம்.

இரண்டாவது, மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்தும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள். கல்லூரிகளைக் கட்டுப்படுத்துபவை இவையே. ‘நியாயமான’ பணி நேரமும் ஓய்வும் தரப்பட வேண்டும் என்கின்றன. மணிக்கணக்கு எதையும் சொல்லவில்லை. கட்டுப்படுத்தும் விதியில் எண் இல்லாததைப் பெரும் குறையென்றே கருத வேண்டும். விடுப்பில் மட்டும் தெளிவு உண்டு: பணித் தேவைக்கு உட்பட்டு வாரம் ஒரு நாள், ஆண்டுக்கு 20 நாள் ஊதிய விடுப்பு, கல்விசார் விடுப்பு 5 நாள். மகப்பேறு விடுப்பும் உண்டு. தேர்வெழுத 80 சதவீத வருகை தேவை.

மூன்றாவது, மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழுவின் 2024 அறிக்கை. வாரத்துக்கு 74 மணி நேரமே உச்சவரம்பு என்கிறது: 24 மணி நேரப் பணி ஒன்று, பத்து மணி நேரப் பணி ஐந்து நாள், முழு ஓய்வு ஒரு நாள். இது பரிந்துரை மட்டுமே. அதே ஆண்டு ஆகஸ்டில், 36 மணி நேரத் தொடர்பணி குறித்து உச்ச நீதிமன்றமும் கவலை தெரிவித்தது.

ஆகவே வார விடுப்பு தொடர்ந்து மறுக்கப்படும் மாணவர், டூட்டி பட்டியலின் நகலுடன், 2023 ஒழுங்குமுறைகளை மேற்கோள் காட்டித் துறைத் தலைவர் வழியாக டீனுக்கு எழுத்தில் மனு கொடுப்பது நல்லது. 1992 ஆணையைத் துணைச் சான்றாகச் சேர்க்கலாம். கல்லூரியில் தீராததை ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்துக்கு எழுதலாம். மனச்சோர்வு மிகும்போது 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.