லேபிளை விடுங்க, ஷாஃப்ட்டைச் சுற்றிப் பாருங்க: சிஎன்சிக்குப் பழைய டிசி மோட்டார்

காயலான் கடையில் டிசி மோட்டார் எடுக்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது லேபிளைத்தான். எத்தனை வோல்ட், எத்தனை வாட்? பாதி மோட்டாரில் லேபிளே இருக்காது. இருந்தாலும் அந்த வோல்ட்டை மட்டும் வைத்து உங்கள் சிஎன்சியின் (கணினி சொல்படி வெட்டிச் செதுக்கும் இயந்திரத்தின்) அச்சை, அதாவது நகரும் பகுதியை, அது தள்ளுமா என்று சொல்லவே முடியாது. நமக்கு வேண்டிய எண் வேறு, அது மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது.

நிரந்தர காந்தம் உள்ள டிசி மோட்டாரின் ஷாஃப்ட்டை வெளியிலிருந்து சுற்றினால் அது ஜெனரேட்டர். காந்தப் புலத்தில் கம்பி நகரும்போது வோல்டேஜ் பிறக்கிறது, அதே கம்பியில் கரண்ட் ஓடினால் விசை பிறக்கிறது, இரண்டுக்கும் காந்தமும் ஒன்றுதான் வைண்டிங்கும் (கம்பிச் சுருள்) ஒன்றுதான் என்பதால் ஒன்றை அளந்தால் மற்றது தானாகவே தெரிந்துவிடும். டிரில் மெஷினில் ஷாஃப்ட்டை மாட்டி 1000 ஆர்பிஎம்மில் சுற்றுங்கள், மல்டிமீட்டரை மோட்டாரின் இரண்டு ஒயரிலும் வையுங்கள். 10.5 வோல்ட் காட்டினால், ஒரு ஆம்பியருக்கு ஏறக்குறைய 0.1 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) கிடைக்கும் என்று அர்த்தம். 5 ஆம்பியர் கொடுத்தால் 0.5. இதை 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்குரூவில் (ஒரு சுற்றுக்கு அச்சை 5 மி.மீ. நகர்த்தும் திருகுத் தண்டில்) மாட்டினால், உராய்வு இழப்பு போக 55 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்குத் தள்ளும். மரம் செதுக்கும் சின்ன ரவுட்டருக்கு இது தாராளம்.

அதே சோதனையில் 3 வோல்ட்தான் வந்தது என்றால்? அந்த 0.5 டார்க்குக்கு 17 ஆம்பியருக்கு மேல் வேண்டும். வைண்டிங் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும், அதனால் மோட்டாரும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டும் சேர்ந்து திணறும். ஆனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. வேகமாகச் சுற்றும் ரகம் அது, மூன்றுக்கு ஒன்று என்று டைமிங் பெல்ட் போட்டால் 6 ஆம்பியருக்குள் வேலை முடிந்துவிடும்.

அப்புறம் கைச் சோதனை. இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொடவைத்து ஷாஃப்ட்டைத் திருப்புங்கள், தேனுக்குள் சுற்றுவது மாதிரி கனமாக, சீராக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று லேசாகிவிட்டால் பிரஷ்ஷோ (கரண்டை உள்ளே கொடுக்கும் கார்பன் துண்டு), அது உரசும் கம்யூட்டேட்டரோ, வைண்டிங்கோ போயிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

மிக்ஸி மோட்டார் இதற்கு ஆகாது, அதில் நிரந்தர காந்தமே இல்லை, ஒயரை மாற்றிக் கொடுத்தாலும் அதே பக்கம்தான் சுற்றும். கார் வைப்பர் மோட்டாரின் வார்ம் கியரில் ஆட்டம் இருக்கும், துல்லியம் போச்சு. டிரெட்மில் மோட்டார், வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கு அருமை.

அச்சுக்கு எடுப்பதென்றால் பின்பக்கமும் ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டாராகப் பாருங்கள். சுற்றை அளக்கும் என்கோடரை அங்கேதான் மாட்ட வேண்டும், அது இல்லாமல் டிசி மோட்டாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. 500 கோடு என்கோடரை டிரைவர் கோட்டுக்கு நான்காக, ஒரு சுற்றுக்கு 2000 துடிப்பாக எண்ணும், அந்த 5 மி.மீ. ஸ்குரூவில் ஒரு துடிப்பு 2.5 மைக்ரான். என்கோடர் ஏற்கெனவே மாட்டியிருந்தால் சில நூறு ரூபாய் கூடக் கொடுத்தாவது வாங்கிவிடலாம்.

வாங்கி வந்த பிறகு, சுத்தம் செய்கிறேன் என்று ரோட்டரை (உள்ளே சுற்றும் நடுப்பகுதியை) வெளியே இழுக்காதீர்கள். மிகப் பழைய சர்வோ மோட்டார்கள் பலவற்றில் இருப்பது அல்னிகோ காந்தம், நடுவிலிருக்கும் இரும்பை எடுத்தாலே அதன் வலு கணிசமாகக் குறைந்துவிடும், திரும்ப மாட்டினாலும் வராது. பிரஷ் மூடியை மட்டும் கழற்றி, கார்பன் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.